செவ்வாய்க்கிழமை சாஸ்

அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மாவின் நிஜப் பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. சாஸக்கா எங்கே என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகூடக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நிறுத்திவிடும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நூடுல்ஸ். அதன்மேல் ஊற்றுகிற சிவப்பு சாஸ்தான் அவளுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது. அதுவும் சாதாரணச் சிவப்பில்லை. சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டு, யாருடைய நாக்கு அதிகம் சிவந்திருக்கிறது என்று பந்தயம் கட்டுகிற சிவப்பு. செவ்வாய்க்கிழமை மட்டும் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை என்று தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சிவப்பு தக்காளியால் வந்தது என்று பள்ளிக்கூடமே நம்பிக்கொண்டிருந்தது. உண்மை தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒன்று சாஸக்கா. இன்னொன்று பாத்திரம் கழுவுகிற அண்ணன். அவர் ஒரு நாளைக்கு ஒரு வாக்கியத்துக்குமேல் பேசுகிறவர் இல்லை. அதையும் பெரும்பாலும் குழாயைப் பற்றித்தான் பேசுவார்.

சாஸக்கா முதலில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பதினைந்து வருஷம் சமைத்தாள். நானூறு பேர். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் எதைப் போட்டாலும் தட்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நல்லா இருக்கு என்றும் சொல்ல மாட்டார்கள், நல்லா இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனபோது அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. இருநூற்று நாற்பது பிள்ளைகள். சின்னஞ்சிறுசுகள்தானே, கையை வீசிக்கொண்டு சமைத்துவிடலாம் என்று தெம்பாக வந்தாள்.

முதல் நாளே தெம்பு இறங்கிவிட்டது. சமையலறையில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் தட்டு போகும், இன்னொன்றில் தட்டு திரும்பி வரும். திரும்பி வருகிற ஜன்னலில் நின்றவளுக்குத் தலை சுற்றியது. வேகவைத்த பீட்ரூட், கேரட், பீன்ஸ் எல்லாம் போன மாதிரியே அலுங்காமல் திரும்பி வந்தன. சில தட்டுகளில் இவள் போட்டதைவிட அதிகமாகவே இருந்தது. பக்கத்தில் இருந்தவனும் தன்னுடையதை அதில் தள்ளியிருக்கிறான். குப்பைத் தொட்டி நிரம்பி, இன்னொரு தொட்டி வைத்து, அதுவும் நிரம்பியது. ஐந்தரை மணிக்கு எழுந்து வந்து சமைத்தவள் தொட்டி முன்னால் நின்று அழுதேவிட்டாள். பாத்திரக்கார அண்ணன் அன்றைய வாக்கியத்தைச் சொன்னார்.

"தினமும் இப்படித்தாம்மா."

இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு செவ்வாய்க்கிழமை தக்காளி பாதிதான் வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் என்று சொல்லியாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் திருதிருவென்று முழித்தவள், அடுத்த நாளைக்காக வேகவைத்திருந்த பீட்ரூட்டை எடுத்துத் தக்காளியோடு கொட்டினாள். கெட்டியாக வரட்டுமென்று நாலு கேரட்டும் போட்டாள். துடைப்பக்கட்டை நீளத்துக்கு ஒரு அரைக்கிற மிஷின் உண்டு. அதைப் பானைக்குள் விட்டு அரை அரையென்று அரைத்தாள். அன்றைக்கு இருநூற்று நாற்பது தட்டில் மூன்றில்தான் மீதி இருந்தது. அந்த மூன்று பேரும் பல் விழுந்தவர்கள். சாஸக்கா காலித் தட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு, கைவேலையை அப்படியே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அவளுடைய செவ்வாய்க்கிழமைகள் திருட்டு வேலை மாதிரி நடந்தன. காலை ஆறரைக்கெல்லாம் பீட்ரூட் மூட்டை பின்வாசல் வழியாக வந்துவிட வேண்டும். கையில் சாயம் ஒட்டாமலிருக்க முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை. முதல் மணி அடிப்பதற்குள் தோல் சீவியாக வேண்டும். சீவிய தோல் கறுப்புப் பைக்குள் போய், பையின் வாய் இரண்டு முடிச்சு போட்டுக் கட்டப்படும். அரைக்கும்போது இரண்டு ஜன்னலும் சாத்தியிருக்கும். வாசலில் இருக்கிற பலகையில் "நூடுல்ஸ், தக்காளி சாஸ்" என்று எழுதுவாள். தக்காளி இருக்கத்தானே செய்கிறது, மீதியை எழுதப் பலகையில் இடமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். பலகையில் பாதிக்குமேல் காலியாகத்தான் கிடந்தது.

ஒரே ஒரு தடவை குட்டு வெளிப்படப் பார்த்தது. ஒரு புதன்கிழமை காலையில் பையன் ஒருவனின் அப்பா, பிள்ளைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று பதறியடித்துக்கொண்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, நேற்று பீட்ரூட் சாப்பிட்டானா என்பதுதான். "என் பையன் அதைக் கண்ணாலகூடப் பார்க்க மாட்டான் டாக்டர்" என்று அப்பா அடித்துச் சொன்னார். டாக்டர் நாலு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, நாலிலும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அந்தப் பையனுக்கு வகுப்பில் வக்கீல் என்று பட்டப்பெயர். இரண்டும் இரண்டும் நாலு என்றால்கூட, யார் சொன்னது, எங்கே சொன்னது என்று கேட்பான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே இந்த வருஷம் நாலாம் வகுப்புக்கு ஒரு புது டீச்சர் வந்து சேர்ந்தார். பிள்ளைகளுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லையே என்று அவருக்கு ஒரே வருத்தம். பால் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு ஃபிரிட்ஜிலிருந்து என்று பதில் வந்ததாம். உடனே சமையலறைக்குப் பின்னால், சுவரோரமாகக் கிடந்த வெற்றிடத்தைக் கொத்திப் பாத்தி கட்டிவிட்டார். நம் தட்டில் இருக்கிற ஒரு சாப்பாடு விதையிலிருந்து எப்படி வந்தது என்று நாமே வளர்த்து, நாமே சமைத்துப் பார்க்கப் போகிறோம் என்றார். எந்தச் சாப்பாடு என்று பிள்ளைகளிடம் கேட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முப்பது வாயும் ஒரே குரலில் கத்தின: செவ்வாய்க்கிழமை சாஸ்!

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சாஸக்காவுக்கு அது காதில் விழுந்தது. எழுந்து போய் அரைக்கிற மிஷின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

பாத்தியில் தக்காளி போக மீதி இடத்தில் வேறு என்ன போடலாம் என்று ஓட்டெடுப்பு நடந்தது. கேரட்டுக்குப் பதினாறு, வெள்ளரிக்குப் பதினாலு. பீட்ரூட்டுக்கு ஒன்றுகூட இல்லை. ஓட்டுக்கு முன்னால் வக்கீல் எழுந்து, அது மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கும், நம்ம நிலத்தில் அதுக்கு இடமில்லை என்று ஒரு பிரசங்கமே செய்தான். பலத்த கைதட்டல்.

தக்காளிக்குப் பொறுப்பாக ஒரு பெண் வந்தாள். எந்நேரமும் கையில் ஒரு சின்னப் பச்சை வாளியோடு திரிந்ததால் அவளுக்கு வாளி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதிகம் பேசாத பெண். படிப்பிலும் விளையாட்டிலும் நடுவரிசை. ஆனால் அந்த இருபத்துநாலு தக்காளிச் செடிகள் விஷயத்தில் அவளை அசைக்க முடியாது. பூ எண்ணுவாள். காய் எண்ணுவாள். புழு கண்டால் பிடித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். லீவு நாளில்கூட அவள் அம்மா வாசல் கேட்டில் காத்திருக்க, உள்ளே வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவாள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கிற சாஸக்காவுக்கு அந்தப் பிள்ளைமேல் கொள்ளைப் பிரியம் வந்துவிட்டது.

"என்ன கண்ணு, எப்படி இருக்கு உன் செடிங்க?"

"ஏழாவது செடிதான் கொஞ்சம் சோம்பேறிக்கா. மத்ததெல்லாம் பரவாயில்ல."

மூன்று மாதத்தில் பழம் சிவக்க ஆரம்பித்தது. டீச்சர் ஒரு பெரிய அட்டையோடு சமையலறைக்கு வந்தார். "அக்கா, உங்க செய்முறைய இதுல எழுதிக் குடுங்க. சுவத்துல ஒட்டப் போறோம். அடுத்த செவ்வாய்க்கிழமை பசங்க உங்ககூட நின்னு அவங்களே செய்யணும்."

சொல்லிவிட அதுதான் தருணம். சாஸக்காவின் வாய் வரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் திரும்பி வருகிற ஜன்னலில் அந்த முதல் மாதத்துத் தட்டுகள் கண்முன்னே வந்து நின்றன. ஒன்பது வருஷம் பிடித்துக் கட்டிய பேர் ஒரு வார்த்தையில் போய்விடுமே! பேனாவை வாங்கி எழுதினாள்: தக்காளி, வெங்காயம், பூண்டு, எண்ணெய், உப்பு. கொஞ்சம் யோசித்து, சர்க்கரை ஒரு கரண்டி என்றும் சேர்த்தாள்.

திட்டம் இல்லாமல் எழுதவில்லை. அரைத்த பீட்ரூட்டை ஒரு கிண்ணத்தில் எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் மறைத்துவைத்துவிட வேண்டியது. பிள்ளைகள் அசந்த நேரம் பார்த்துப் பானையில் கவிழ்த்துவிட வேண்டியது. முப்பது பிள்ளைகள் சமையலறைக்குள் இருந்தால் ஒரு நிமிஷம்கூட அசர மாட்டார்களா என்ன?

இருபத்தொன்பது பேர் அசந்தார்கள். ஒருத்திக்கு வெங்காயம் கண்ணை எரித்தது, இன்னொருவன் பெரிய கரண்டியைத் தலையில் கவிழ்த்துப் பார்த்தான், வக்கீல் உப்பு எத்தனை கிராம் என்று டீச்சரோடு வாதாடிக்கொண்டிருந்தான். வாளி மட்டும் பானையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதற்குள் இருப்பது அவளுடைய தக்காளி அல்லவா! பானை விளிம்பில் மூக்கு இடிக்காத குறையாக நின்று, ஒவ்வொரு குமிழியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, அங்க பாருங்க, ஜன்னல்ல பூனை!" என்றாள் சாஸக்கா.

எல்லாத் தலையும் திரும்பியது. டீச்சர் தலையும் திரும்பியது. பாத்திரக்கார அண்ணன்கூடத் திரும்பிப் பார்த்தார். வாளி திரும்பவில்லை. பானையைப் பார்த்தபடியே, "பூனைய நான் நாளைக்குப் பாத்துக்கறேன்க்கா" என்றாள்.

கிண்ணம் அரிசி டப்பாவுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டது.

சாஸ் இறங்கியபோது அதன் நிறமே காட்டிக் கொடுத்துவிட்டது. வெளிறிப்போய், ஆரஞ்சும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் தண்ணீராக ஓடியது. முப்பது பேரும் ஆளுக்கொரு கரண்டி வாயில் போட்டார்கள். முப்பது மூஞ்சியும் ஒரே நேரத்தில் சுருங்கின. புளிப்பு. ஒரு கரண்டி சர்க்கரையெல்லாம் அந்தப் புளிப்புக்கு எந்த மூலைக்கு?

"அக்காவோட செய்முறைப்படிதான் செஞ்சோம்" என்றான் வக்கீல், விரலை மடக்கி மடக்கி. "அக்காவோட பானை. அக்காவோட அடுப்பு. வெங்காயம், உப்பு எல்லாம் அக்காவோடது. மாறினது ஒண்ணே ஒண்ணுதான். தக்காளி. அதனால தக்காளிதான் சரியில்ல."

 எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது? எல்லோரும் வாளியைப் பார்த்தார்கள். வாளி தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். டீச்சர், முதல் தடவைதானே, பரவாயில்லை, மண் புதுசு என்று ஏதேதோ சொன்னார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

சாஸக்கா அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இருநூற்றுப் பத்துப் பேருக்கு அடுத்த அடுப்பில் அசல் சாஸ் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, முதுகைத் திருப்பி அதைக் கிளறினாள். இவ்வளவு நாளும் எதைக் கிளறும்போதும் அவளுக்கு அப்படிக் கை கூசியதில்லை.

மூன்று மணிக்குப் பாத்திரக்கார அண்ணன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். அன்றைய வாக்கியத்தை அவர் ஏற்கெனவே செலவழித்துவிட்டிருந்தார். ஆனாலும் பேசினார்.

"அந்தப் பொண்ணு செடிய பிடுங்குதும்மா."

சாஸக்கா ஈரக் கையோடு ஓடினாள். ஏழாவது செடி வேரோடு கிடந்தது. வாளி எட்டாவது செடியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. வீட்டு வேலை செய்கிற பெரிய மனுஷி மாதிரி நிதானமாகச் செய்துகொண்டிருந்தாள். அதைத்தான் சாஸக்காவால் தாங்க முடியவில்லை.

"என்னடா கண்ணு இது? விடு, விடு!"

"வேஸ்ட் தக்காளிக்கா. இடத்த அடைச்சிட்டு இருக்கு."

"வேஸ்ட் இல்லடா. நல்ல தக்காளி."

"நீங்க சும்மா சொல்றீங்க. நான் சாப்பிட்டுப் பாத்தேனே."

சாஸக்கா அவள் கையைப் பிடித்து எழுப்பிச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். அரிசி டப்பாவைத் தள்ளினாள். கிண்ணத்தை எடுத்து மேடைமேல் வைத்தாள். நாள் முழுக்க அங்கேயே இருந்து மேலே லேசாக ஏடு கட்டியிருந்தது. ஆனால் சிவப்பு போகவில்லை.

"இது இல்லாததாலதான் புளிச்சுது. பீட்ரூட். ஒவ்வொரு வாரமும் போடுவேன். தக்காளியவிட இதுதான் ஜாஸ்தி. அட்டைல நான் எழுதல."

வாளி கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ என் தக்காளி நல்ல தக்காளியா?"

"ரொம்ப நல்ல தக்காளி. வெறும் தக்காளின்னா யாரு வளத்தாலும் அப்படித்தான் புளிக்கும்."

"அப்போ நீங்கதான் பொய் சொன்னீங்களா?"

ஒன்பது வயசுப் பிள்ளை சுற்றிவளைத்துக் கேட்பதில்லை. சாஸக்காவும் சுற்றிவளைக்காமல், "ஆமா" என்றாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லுங்க" என்றாள் வாளி. "எல்லாரும் என் தக்காளியத்தான் சொல்றாங்க."

சொல்லிவிட்டு வெளியே போனாள். பிடுங்கின ஏழாவது செடியைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளினாள். வாளியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் சாஸக்கா வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் தையல்காரர். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே உம் கொட்டிக் கேட்டவர், திடீரென்று ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இரு. நம்ம வீட்டு சாஸ்லயும் அதுதானா?"

அவள் குனிந்து தரையில் கிடந்த நூலைப் பொறுக்கினாள்.

"அடிப்பாவி! எனக்குப் பீட்ரூட்னாலே ஆகாதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கேனே!"

"சொன்னீங்க. நீங்க வாரத்துக்கு ரெண்டு நாள் சாப்பிடறீங்க."

அவர் கொஞ்ச நேரம் ஜாக்கெட் கையைத் தைத்தார். சிரிப்பை அடக்க முடியாமல் தையல் கோணிவிட்டது, பிரித்தார். "எனக்குச் சொல்லாட்டி பரவாயில்ல. நான் ஏமாந்தவன்தான்னு ஊருக்கே தெரியும். அந்தப் பொண்ணு பாவம், மூணு மாசம் தண்ணி ஊத்தியிருக்கு" என்றார்.

"சொல்லிட்டா நாளைலருந்து யாரும் தொட மாட்டாங்கங்க."

"தொடாம போகட்டுமே. நீ அழுவ, தெரியும். அழுதுக்கோ."

ஆறுதல் சொல்கிற விஷயத்தில் அவர் எப்போதுமே இப்படித்தான். ஆனாலும் அவளுக்கு மனசு தெளிந்துவிட்டது.

மறுநாள் காலை நாலாம் வகுப்பில் சாஸக்கா போய் நின்றாள். ஏப்ரனோடு போனாள், அது இல்லாமல் நின்றால் கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியாது. ஒரு பீட்ரூட்டை மேஜைமேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். தக்காளியில் ஒரு குறையும் இல்லை, குறை என் எழுத்தில்தான் என்றாள். சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் எல்லாவற்றுக்கும் மேலே பீட்ரூட் என்று பெரிதாக எழுதினாள். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டாம் தடவையும் சாஸ் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர்.

முதலில் முப்பது பேரும் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அப்புறம் ஒருவன் பெஞ்சுக்கு அடியில் துப்புவதுபோல நடித்தான். இன்னொருத்தி, போன வாரம் சாப்பிட்டதை இப்போது எப்படி வாந்தி எடுப்பது என்று கேட்டாள். வக்கீல் மட்டும் நெடுநேரம் யோசித்துவிட்டு எழுந்தான்.

"எனக்குப் பீட்ரூட் பிடிக்காது. இது எல்லாருக்கும் தெரியும். எனக்கு சாஸ் பிடிக்கும். இதுவும் எல்லாருக்கும் தெரியும். பிடிக்காதது பிடிச்சதுக்குள்ள இருக்க முடியாது. அதனால அக்கா ஏதோ தப்பா நினைச்சிட்டிருக்காங்க."

இப்படியொரு தீர்ப்பைத் தானே எழுதிக்கொண்டு, அவன் கடைசிவரை சாஸை விடவே இல்லை. அவன் அப்பாதான் டாக்டருக்கு ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டார்.

"வேற எதுலயாவது இப்படி இருக்காக்கா?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

சாஸக்கா இதை எதிர்பார்க்கவில்லை. ஏப்ரன் நுனியைப் பிடித்துக்கொண்டாள். "வியாழக்கிழமை கட்லெட்ல சுரைக்காய். வெள்ளிக்கிழமை சூப்புல கீரை. அது பச்சையா இருக்கேன்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்லையே!"

அந்த அட்டையில் இடம் போதாமல் இன்னொரு அட்டை வாங்க வேண்டியதாயிற்று. தலைமையாசிரியர் கூப்பிட்டு, இதை முன்னாலேயே என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, சூப்பில் இருப்பது எந்தக் கீரை என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாசல் பலகையில் "நூடுல்ஸ், பீட்ரூட் தக்காளி சாஸ்" என்று இருந்தது. ஜன்னல்கள் திறந்தே இருந்தன. திரும்பி வந்த தட்டுகளில் முப்பத்தெட்டில் சாஸ் மிச்சம். ஆறாம் வகுப்புப் பையன்கள் சிலர் வேண்டுமென்றே மேலே தூக்கிக் காட்டிவிட்டு வைத்தார்கள். சாஸக்கா பயந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தட்டும் சுருக்கென்று தைத்தது. எல்லாவற்றையும்விடத் தைத்தது ஒன்று. வாளியின் தட்டில் நூடுல்ஸ் முழுக்கத் தீர்ந்திருந்தது. சாஸ் மட்டும் ஓரமாக ஒதுக்கப்பட்டு, தொடாமல் வந்திருந்தது.

அதற்கடுத்த வாரமும் அப்படியே. அந்தப் பெண் ஜன்னலில் தட்டை வைப்பாள், நிமிர்ந்து பார்க்க மாட்டாள், போய்விடுவாள். தோட்டத்துக்கு மட்டும் வந்துகொண்டிருந்தாள். ஏழாவது செடி வாடிவாடிக் கடைசியில் தலை தூக்கியது. சாஸக்கா ஜன்னலிலிருந்து பார்த்தாள், கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவாள்? ஆறாம் வகுப்பு முழுதும் சாப்பிடாமல் போனாலும் போகட்டும், இந்த ஒரு தட்டு காலியாக வந்தால் போதுமென்று பாத்திரக்கார அண்ணனிடம் வாய்விட்டே சொன்னாள். அவர் குழாயை மூடிவிட்டு, மறுபடியும் திறந்தார்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை, முதல் மணி அடிப்பதற்கு முன்னால் பின்வாசலில் நிழல் தட்டியது. வாளி நின்றுகொண்டிருந்தாள். பச்சை வாளி நிறையத் தக்காளி.

"இன்னிக்கு இதையும் போடுங்க."

"போடறேன் கண்ணு. உள்ள வா."

"நான் இங்கயே நின்னு பாப்பேன். டீச்சர்கிட்ட கேட்டுட்டேன்."

"சரிடா. என்னை நம்பணும்னு இல்ல. நல்லா பாரு."

பார்த்தாள். தோல் சீவுவதைப் பார்த்தாள். ரப்பர் கையுறை ஏன் என்று கேட்டாள். இனிமேல் எதற்கு என்று சாஸக்கா அதைக் கழற்றிப் போட்டாள். எத்தனை பீட்ரூட் என்று எண்ணினாள், எத்தனை தக்காளி என்று எண்ணினாள். கேரட்டை மோந்து பார்த்தாள். மிஷின் அரைக்கும்போது காதைப் பொத்திக்கொண்டாள், கண்ணைப் பொத்தவில்லை. மணி அடித்ததும் வகுப்புக்குப் போனாள்.

மத்தியானம் தட்டுகள் போயின, தட்டுகள் வந்தன. அன்றைக்கு எத்தனையில் மிச்சம் என்று சாஸக்காவுக்குத் தெரியாது. எண்ணவில்லை. நாலாம் வகுப்பு வரிசை வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலண்டை போய் நின்றாள். வக்கீல் வந்தான், வழக்கம்போல வழித்து நக்கின தட்டு. பின்னால் வாளி. தட்டை மேடைமேல் வைத்தாள். சாஸ் இல்லை. ஓரத்திலும் இல்லை.

நாலடி போனவள் திரும்பி வந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, நிதானமாக, சமையல் தெரிந்த ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நல்லா இருந்துச்சுக்கா. பீட்ரூட்தான் ஒரு ரெண்டு கம்மியா போட்டிருக்கலாம்."

கேன்டீனில் பதினைந்து வருஷம், இங்கே ஒன்பது வருஷம். அவள் சமைத்ததில் என்ன இருக்கிறதென்று தெரிந்து சாப்பிட்டு, இது அதிகம், இது குறைவு என்று அவளிடம் ஒருவர் வந்து சொன்னது அதுதான் முதல் தடவை.  சாஸக்கா அந்தக் காலித் தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"சரிடா" என்றாள். "அடுத்த வாரம் ரெண்டு குறைச்சுடலாம்."